வலியும் ஓய்வும்: சென்னைக் காசநோய் ஆய்வு (1956–1959) – ஒரு வரலாற்று நோக்கு

திறவுச்சொற்கள்: காசநோய், நெஞ்சு வலி, ஓய்வு, சானடோரியம், வீட்டு மருத்துவம்

முன்னுரை

நுரையீரல் நோயிலிருந்து தேறுவோரை நெஞ்சு வலியும் முதுகு வலியும் நெடுநாள் வருத்துவதுண்டு. திருச்செந்தூருக்குத் தெற்கேயுள்ள ஆலந்தலை போன்ற கடற்கரை ஊர்களில் வலை இழுத்து வாழ்வோருக்கு இவ்வலி பிழைப்பையே தடுப்பதாகும். அன்றாட வருவாயை நம்பியவர், வலி நின்றதும் நோய் தீர்ந்ததாகக் கருதித் தொழிலுக்குத் திரும்ப விழைவது இயல்பு. ஆயின் வலி நிற்பதும் நோய் தீர்வதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியதில் சென்னைக் காசநோய் ஆய்வுக்குள்ள பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓய்வே மருத்துவமாக இருந்த காலம்

காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து கண்டறியப்படுமுன், படுக்கை ஓய்வும் தூய காற்றும் ஊட்டமான உணவுமே மருத்துவமாக இருந்தன. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் இம்மரபைச் சார்ந்தது. நோயுற்ற நுரையீரலுக்கும் ஓய்வு தேவை என்னும் கருத்தால், மார்புக்கூட்டினுள் காற்றைச் செலுத்தி அதனைச் சுருக்கும் முறை உலகெங்கும் பரவியது. விலா எலும்புகள் சிலவற்றை அகற்றும் அறுவை மருத்துவமும் நடைபெற்றது. அதன்பின் தோளும் முதுகுத்தண்டும் கோணி, நோய் அடங்கிய பிறகும் வலி தொடர்வதுண்டு.

நுரையீரல் திசுவுக்கு வலியுணர்வு இல்லை. மார்புச் சுவரை ஒட்டிய உறையின் அழற்சியும், இடைவிடாத இருமலால் விலாத் தசைகளும் முதுகுத் தசைகளும் நோவதுமே வலிக்குக் காரணங்கள். எனவே வலியின் அளவைக்கொண்டு நோயின் அளவை அறிய இயலாது.

சென்னை ஆய்வு

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் அமைந்தது. 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் வீட்டு மருத்துவத்துக்கும் சானடோரிய மருத்துவத்துக்கும் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட், பாஸ் ஆகிய மருந்துகள் ஓராண்டு வழங்கப்பட்டன. வீட்டிலிருந்தோர் உண்ட உணவு குறைவு. செய்த வேலை மிகுதி. எனினும், 1959-இல் வெளியான முடிவுகளின்படி, சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. நோயின் நிலையைச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரே படமும் காட்டின.

ஓய்வின் இடத்தை மருந்து பெற்றதும் புதியதொரு சிக்கல் எழுந்தது. இருமலும் வலியும் முன்னரே தணிந்துவிடும். மருந்தையோ அன்று ஓராண்டு உண்ண வேண்டியிருந்தது. நோயாளிகள் மருந்தை ஒழுங்காக உண்கின்றனரா என அறிய, மையத்தினர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றனர், சிறுநீரையும் சோதித்தனர். நேர்பார்வையில் மருந்து வழங்கும் முறைக்கு இவ்வனுபவமே வழிகோலியது.

முடிவுரை

இவ்வாய்வு ஓய்வைப் பயனற்றதாக்கவில்லை; அதன் இடத்தை வரையறுத்தது. ஓய்வு, ஒற்றடம், மூச்சுப் பயிற்சி, வலி மாத்திரை ஆகியவை வலியைத் தணிக்கத் துணைபுரிபவை. கிருமியை அழிப்பது மருந்தே. குணமான பின்னும் உறையின் வடுவால் வலி எஞ்சலாம். வலி முற்றும் நீங்கிய பின்னும் கிருமி எஞ்சலாம். ஆதலின் தொழிலுக்குத் திரும்பும் உழைப்பாளியிடமும் மருந்து தடையின்றிச் சென்று சேர்வது இன்றியமையாதது.