வழங்கிவழி உட்சேர்ப்பும் ஜாவா வழங்கிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகுகள் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து புறப்படுவன. சோளகக் காற்று வலுத்துக் கடல் கொந்தளிக்கும் நாட்களில் படகு நேரம் மாறும். சிலவேளை படகே ஓடாது. தீவகத்துக்கென ஓர் இணையத்தளம் அமைக்கப்பட்டு, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பக்கம் எழுதப்படுவதாகக் கொள்ளலாம். படகு அறிவித்தல் எல்லாப் பக்கங்களிலும் இடம்பெறவேண்டும். அதனைப் பக்கந்தோறும் எழுதிவைத்தால், நேரம் மாறுந்தோறும் பக்கந்தோறும் திருத்தவேண்டும். ஒன்றிற் திருத்த மறந்தால் அப்பக்கத்தைப் படித்தவர் துறையிற் காத்திருக்க நேரும். இத்தொல்லையை நீக்க எழுந்ததே வழங்கிவழி உட்சேர்ப்பு என்னும் முறை. ஆங்கிலத்தில் இது சேர்வர் சைட் இன்குளூட் எனப்படும். அறிவித்தல் ஒரே கோப்பில் இருக்கும். பக்கம் வாசகரை நோக்கிப் புறப்படும் வேளையில் வழங்கி அதனை உரிய இடத்தில் இட்டு அனுப்பும்.

இம்முறை அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய மீக்கணிமைப் பயன்பாட்டு நிலையத்தில், 1993இல் ரொப் மக்கூல் என்பார் எழுதத் தொடங்கிய வழங்கியின் வாயிலாகவே பரவலாயிற்று. அவ்வழங்கிக்கு இடப்பட்ட திருத்தங்களிலிருந்து 1995இல் உருவான அப்பாச்சி வழங்கியும் இதனைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. அக்காலத்து வழங்கியின் உலகம் எளிமையானது. வட்டிலுள்ள கோப்பு எதுவோ அதுவே பக்கம். வட்டிலுள்ள அடைவு எதுவோ அதுவே முகவரி. உட்சேர்ப்பின் இயல்பனைத்தும் இந்த எளிமையை நம்பியே அமைந்தது.

உட்சேர்ப்பு ஆணை எச்.ரி.எம்.எல். மொழியின் குறிப்புரை வடிவத்தில் எழுதப்படுவது. குறிப்புரையை உலாவி திரையில் காட்டுவதில்லை. ஆணையை அறியாத வழங்கி அதனை அப்படியே அனுப்பிவிட்டாலும் பக்கம் சிதையாது என்பது இவ்வடிவின் நன்மை. ஆயின் இதுவே பிற்காலத்தில் பெருந்தொல்லைக்கும் வித்தாயிற்று. ஆணை நிறைவேறாதபோது எவ்விதப் பிழைச்செய்தியும் தோன்றாது. படகு அறிவித்தல் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகும்; வாசகரோ அங்கு ஓர் அறிவித்தல் இருந்திருக்கவேண்டும் என்பதையே அறியார். உரத்துச் சொல்லும் பிழையை ஒருவர் திருத்திவிடலாம். வாய்திறவாப் பிழை மாதக்கணக்கிற் கிடக்கும். உலாவியில் பக்கத்தின் மூலவடிவைத் திறந்து பார்ப்பதே இதனைக் கண்டறியும் வழியாகும். ஆணை எழுதியபடியே அங்குக் காணப்படின், வழங்கி அதனைத் தீண்டவேயில்லை என்பது தெளிவு.

சன் மைக்குரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஜாவா மொழி வழங்கித்துறையுட் புகுந்தபோது நிலைமை மாறிற்று. அந்நிறுவனத்தின் ஜாவா வழங்கியில், பக்கத்தினுள் சேர்வ்லெற் எனப்படும் சிறு நிரலின் வெளியீட்டை இட்டு நிரப்பும் வழக்கம் இருந்தது. அத்தகைய பக்கங்கள் எஸ்.எச்.ரி.எம்.எல். என்னும் பழைய ஈற்றுப் பெயரையே தாங்கின. ஆனால் 1999இல் வந்த சேர்வ்லெற் 2.2 வரையறை, வலைச்செயலி என்ற புதிய அலகினை நிலைநாட்டியது. ஜே.எஸ்.பி. பக்கங்கள் தமக்கெனத் தனி உட்சேர்ப்பு முறைகளைக் கொண்டு வந்தன. அதே ஆண்டில் அப்பாச்சி அமைப்பிடமிருந்து வெளிவந்த ரொம்கற் வழங்கியில் பழைய உட்சேர்ப்பு முறை விருந்தாளியாகவே தங்க நேர்ந்தது, வீட்டுக்காரர் ஜே.எஸ்.பி.யே.

விருந்தாளிக்குக் கதவும் தானாகத் திறக்கப்படவில்லை. ரொம்கற்றின் பழைய பதிப்புகளில் உட்சேர்ப்புக்குரிய நிரற்கோப்பு, 'ஜார் எனப் பெயர் மாற்றுக' என்று பொருள்படும் ஈற்றுப் பெயருடன் வைக்கப்பட்டிருந்தது. பெயரை மாற்றாதவரை அது இயங்காது. அமைப்புக் கோப்பிலுள்ள அதற்குரிய பகுதியும் குறிப்புரைக்குள் அடைக்கப்பட்டிருந்தது. செயலிக்குச் சிறப்புரிமையும் வழங்கவேண்டியிருந்தது. இக்கடுமை வீணானதன்று. வழங்கிக் கணினியிலேயே கட்டளையை இயக்கவல்ல ஓர் ஆணையும் உட்சேர்ப்பு ஆணைகளுள் உண்டு. 2019இல் ரொம்கற்றின் உட்சேர்ப்புப் பகுதியிலேயே பயனர் தந்த தரவைச் செம்மைப்படுத்தாது திரும்பக் காட்டும் பாதுகாப்புக் குறையொன்று அறிவிக்கப்பட்டமையும் இங்கு நோக்கத்தக்கது.

கதவு திறந்தபின் வழிப்பிழை தோன்றும். பழைய வழங்கிக்கு வேர் ஒன்றே. ஜாவா வழங்கியிலோ, ஒரே காணியுட் பல வளவுகள் போல, ஒரு வழங்கிக்குள் பல செயலிகள் வாழும். சாய்கோட்டுடன் தொடங்கும் பாதையை ரொம்கற் இயல்பாகக் காணியின் எல்லையிலிருந்தே கணக்கிடும். எழுதியவரோ தம் வளவின் எல்லையை எண்ணி எழுதியிருப்பார். இங்கேனும் 'ஆணையைச் செயற்படுத்துகையில் தவறு நேர்ந்தது' என்ற கருத்துப்பட ஓர் ஆங்கில வாசகம் பக்கத்திற் தோன்றுவது ஆறுதலே. பாதையைச் செயலியிலிருந்து கணக்கிடுமாறு அமைப்புக் கோப்பிற் பணித்தால் இது தீரும்.

தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய தொல்லை எழுத்துக் குறிமுறையைச் சார்ந்தது. இவ்வரலாற்றின் ஆழமான பகுதியும் அதுவே. பழைய வழங்கிகள் கோப்பினை வாசிப்பதில்லை, பைற்றுகளைச் சுமந்து செல்வதே அவற்றின் தொழில். ஆகவே ரிஸ்கி முறையில் எழுதிய தமிழாயினும், 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெற் மாநாட்டின்பின் வழக்குக்கு வந்த தாப், தாம் முறைகளில் எழுதிய தமிழாயினும் சுமையாள் மூட்டையைத் திறந்து பார்த்ததில்லை. ஜாவாவோ தொடக்கத்திலிருந்தே ஒருங்குறியைத் தன் உள்மொழியாகக் கொண்டது. கோப்பைப் பைற்றுகளாக ஏற்றபின் அவற்றை எழுத்துகளாக வாசிக்க முயலும். வாசிக்கவேண்டுமெனின் எந்தக் குறிமுறை என்பது தெரிந்தாகவேண்டும். எவரும் சொல்லாவிடின், கணினியின் இயல்பான குறிமுறையைக் கொண்டு ரொம்கற் உட்சேர்ப்புக் கோப்பை வாசிக்கும்.

நெடுந்தீவு என்னும் பெயரை எடுத்துக்கொள்ளலாம். இது 5 எழுத்துச் சொல். ஒருங்குறியில் 10 குறிகளாகவும், யு.ரி.எவ்.-8 வடிவில் 30 பைற்றுகளாகவும் அமையும். மேலைநாட்டுக் குறிமுறையாகிய இலத்தீன்-1 இயல்பாக உள்ள கணினி, இந்த 30 பைற்றுகளையும் 30 தனி எழுத்துகளாகக் கொண்டுவிடும். பின்னர் அவற்றை யு.ரி.எவ்.-8 வடிவில் ஒழுங்காகவே அனுப்பும். திரையில் தோன்றுவதோ, தலையிற் சாய்கோடிட்ட 'ஏ'யும் வட்டத்துள் அடைபட்ட 'ஆர்' குறியும் மீளமீள வரும் ஒரு வரிசை. ஒல்லாந்தர் நகரப் பெயரால் டெல்வ்ற் எனவும் வழங்கும் இத்தீவின் ஆங்கிலப் பெயர் அதே பக்கத்திற் சிதைவின்றி நிற்கும். தமிழ்ப்பெயர் மட்டுமே அழியும். கொழும்பிலோ அமெரிக்காவிலோ ஆங்கில வாசகத்தைக் கொண்டு பரிசோதித்தவர் கண்ணுக்கு இப்பிழை ஒருபோதும் படுவதில்லை.

உட்சேர்ப்பு நிரலுக்கு உள்ளீட்டுக் குறிமுறை யு.ரி.எவ்.-8 என ஒரு வரியில் அறிவிப்பதே இதற்குரிய தீர்வு. 2022இல் வெளிவந்த ஜாவா 18ஆம் பதிப்பிலிருந்து, கணினி எதுவாயினும் யு.ரி.எவ்.-8 முறையே இயல்பான குறிமுறையாக்கப்பட்டது. அதற்கு முந்திய பதிப்புகளில் இயங்கும் வழங்கிகளில் அந்த ஒரு வரி இன்றும் கைப்பட எழுதப்படவேண்டியதே. குறிப்புரை வடிவிலான ஆணை மட்டும் 1990களில் இருந்தவாறே இருக்கின்றது. புதிய கணினிக்கு மாற்றப்பட்ட தளத்தில் உட்சேர்ப்பைத் திறந்துவிட மறந்தால், குறிகட்டுவான் அறிவித்தல் இருந்த இடம் முன்போலவே வெறுமையாய்க் கிடக்கும்.