மெர்சிங் தீவுகளுக்குச் சிக்கனமாகப் போய் வருவது எப்படி? விலைக்கு முன் மாதத்தைப் பாருங்கள்

"அண்ணே, டிசம்பர் லீவுல தீவுக்குப் போலாமா? பாதி விலைக்கு ரூம் தர்றாங்களாம்."

ஆண்டிறுதி நெருங்கினால் பல குடும்ப வாட்ஸ்ஆப் குழுக்களில் இப்படி ஒரு கேள்வி வந்து விழும். கூடவே ஒரு படம் இருக்கும்: நீலக் கடல், வெள்ளை மணல், சிவப்பு எழுத்தில் கழிவு விலை.

ஜொகூரின் பண்டார் தெங்காராவில் இருப்பவர்களுக்கு இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. ஊரைச் சுற்றிச் செம்பனையும் ஃபெல்டா குடியேற்றங்களும்தான். கடல் கண்ணில் படாது. ஆனால், தென்சீனக் கடல் தீவுகளுக்குப் படகு ஏறும் மெர்சிங், கோத்தா திங்கி வழியாகக் காரில் சுமார் இரண்டு மணி நேரம்தான். கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் இதற்கு இரு மடங்குக்கும் மேல் ஓட்ட வேண்டும்.

அப்படியானால் பாதி விலை அறையை எடுத்துவிடலாமா? வேண்டாம். ஏன் என்பதையும், இரண்டு இரவு, மூன்று நாள் பயணத்தைக் கையைக் கடிக்காமல் திட்டமிடுவது எப்படி என்பதையும் பார்ப்போம்.

எந்தெந்தத் தீவுகள், எங்கே படகு ஏறுவது?

மெர்சிங் கரைக்கு எதிரே ரவா, பெசார், திங்கி, சிபு, அவுர், பெமாங்கில் ஆகிய தீவுகள் இருக்கின்றன. இவை ஜொகூரைச் சேர்ந்தவை. சுல்தான் இஸ்கண்டார் கடல் பூங்கா அமைந்திருப்பதும் இங்கேதான். இவற்றையெல்லாம்விடப் பெரியது தியோமான். அது பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது என்றாலும், பெரும்பாலோர் ஜொகூரின் மெர்சிங்கிலிருந்துதான் அங்கே போகிறார்கள். பகாங்கின் தஞ்சோங் கெமோக் இன்னொரு படகுத்துறை.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் இரண்டு தீவுகளை முதலில் பார்க்கலாம்.

தியோமான்: ஃபெர்ரி பயணம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கெந்திங், பாயா, தெக்கேக், ஆயர் பாத்தாங், சாலாங், ஜுவாரா எனப் பல கிராமங்கள் இருப்பதால், எளிய மரவீடு முதல் பெரிய விடுதி வரை தேர்வு அதிகம். ஃபெர்ரி இருக்கைக் கணக்கில் கட்டணம் வாங்குவதால், இரண்டு பேர் மட்டும் போனாலும் கட்டுப்படியாகும்.

சிபு: மெர்சிங்கிற்குத் தெற்கே தஞ்சோங் லெமான் படகுத்துறையிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரம். பண்டார் தெங்காராவிலிருந்து போகும்போது மெர்சிங் வரை ஓட்டத் தேவையில்லை. சிறு பிள்ளைகள், வயதானவர்கள், படகு என்றாலே தலைசுற்றும் என்பவர்கள் இருந்தால் சிபு நல்லது. இங்கே படகை விடுதியே ஏற்பாடு செய்வது வழக்கம். அந்தக் கட்டணம் அறை விலையில் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அவுர், பெமாங்கில் தீவுகள் கரையிலிருந்து வெகு தொலைவில் இருப்பவை. முக்குளிப்பவர்களும் தூண்டில் போடுபவர்களும் குழுவாகப் போகும் இடங்கள். முதல் பயணத்துக்கு அவை வேண்டாம்.

டிசம்பரில் ஏன் போகக்கூடாது?

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். தென்சீனக் கடலிலிருந்து வீசும் காற்று நேராகக் கிழக்குக் கரையில்தான் வந்து மோதுகிறது. அந்த மாதங்களில் பல விடுதிகள் கதவைச் சாத்திவிடும். ஃபெர்ரி சேவை குறையும், சில நாட்களில் முற்றாக நிற்கும்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை கடலுக்கு மூன்று நிலை எச்சரிக்கை விடுக்கிறது. அதில் முதல் நிலையிலேயே காற்றின் வேகம் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை எழும்பும். அது ஒரு மாடி வீட்டுக் கூரை உயரம். சிறு படகுகளுக்கு அதுவே ஆபத்து.

கடல் மட்டுமல்ல, சாலையும் சிக்கல்தான். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைத் தாக்கிய வெள்ளத்தில் கோத்தா திங்கி நகரமே நீரில் மூழ்கியது. நாம் மெர்சிங் போக வேண்டிய வழி அதுதான்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது. பொங்கல் ஜனவரியில், தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ. 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குவதால், நீண்ட விடுமுறையும் பழையபடி ஆண்டிறுதிக்கே வந்துவிட்டது. குடும்பம் ஒன்றுகூடுவதும், சிலருக்குப் போனஸ் கைக்கு வருவதும் அதே சமயத்தில்தான். ஆக, நமக்கு நேரமும் பணமும் இருக்கும்போது கடல் மூடியிருக்கும்.

மழைக்காலத்தில் பாதி விலைக்கு அறை கிடைப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஃபெர்ரி நின்றால் தீவிலோ மெர்சிங்கிலோ கூடுதலாக இரண்டு நாள் தங்க வேண்டிவரும். அந்த அறைச் செலவு, சாப்பாடு, வேலைக்குப் போகாத நாளின் சம்பளம் எல்லாம் சேர்ந்தால் மிச்சம் பிடித்தது போய்விடும். டிசம்பர் விடுமுறைக்கு வேறு ஊரைப் பாருங்கள். தீபாவளிக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து, ஏப்ரலுக்குப் பிறகு தீவுக்குப் போங்கள்.

ஜொகூர்க்காரர்களுக்கு எந்த நாள் லாபம்?

2014 முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி. 2025 ஜனவரி 1 முதல் அது மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. முன்பு வியாழன் மாலை கிளம்பினால், மற்ற ஊர்க்காரர்கள் வந்து சேர்வதற்குள் நாம் ஒரு நாளைச் சத்தமில்லாமல் அனுபவித்துவிடலாம். இப்போது கோலாலம்பூர், சிங்கப்பூர் கூட்டத்தோடு சேர்ந்துதான் நாமும் வரிசையில் நிற்கிறோம்.

அதனால் ஜொகூருக்கு மட்டும் கிடைக்கும் பொது விடுமுறைகளைக் கவனியுங்கள். மார்ச் 23, ஜொகூர் சுல்தானின் பிறந்தநாள். அந்த மாதத்தில் கடல் அப்போதுதான் அடங்கத் தொடங்கியிருக்கும் என்பதால் வானிலையைப் பார்த்து முடிவெடுங்கள். இன்னொன்று, மறைந்த சுல்தான் இஸ்கண்டார் நினைவு நாளான 'ஹரி ஹோல்'. இது இஸ்லாமிய நாட்காட்டியில் சஃபார் மாதம் 6ஆம் நாள். 2025இல் ஜூலை 31 அன்று வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகரும். இப்போதைக்கு அது நல்ல கடல் மாதங்களில்தான் விழுகிறது. அதோடு ஒன்றிரண்டு நாள் விடுப்பு எடுத்தால், மற்றவர்கள் வேலையில் இருக்கும்போது நீங்கள் கடற்கரையில் இருப்பீர்கள்.

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் வரும் நடுவாண்டு விடுமுறை வசதி. ஆனால் எல்லாரும் அதைத்தான் குறிவைப்பார்கள். விடுமுறையின் முதல் வார இறுதியைத் தவிர்த்து, திங்கள் முதல் வியாழனுக்குள் போய் வந்தால் அறை கிடைப்பதும் எளிது, பேரம் பேசவும் இடம் உண்டு.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

செலவை இரண்டாகப் பிரியுங்கள். பெட்ரோல், கார் நிறுத்தக் கட்டணம், அறை ஆகியவை குடும்பத்துக்கு ஒரு முறை. படகு, கடல் பூங்காக் கட்டணம், சாப்பாடு, ஸ்நோர்கலிங் ஆகியவை ஆளுக்கு ஒரு முறை. ஏமாற்றம் பெரும்பாலும் இரண்டாவது பிரிவில்தான் ஒளிந்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. இவை கணக்கு புரிவதற்காக நாமே வைத்துக்கொண்ட எண்கள். சந்தை விலை அல்ல. நான்கு பேர் கொண்ட குடும்பம் என்று எடுத்துக்கொள்வோம்.

முதல் விடுதி, படகு, சாப்பாடு, ஸ்நோர்கலிங் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 350 ரிங்கிட் கேட்கிறது. நால்வருக்கு 1,400.

இரண்டாவது விடுதியில் அறை மட்டும், இரவுக்கு 200. இரண்டு இரவுக்கு 400 ரிங்கிட். "ஐயோ, இவ்வளவு மலிவா!" என்று தோன்றும். இப்போது கூட்டுங்கள். படகு, போக வர ஆளுக்கு 120 என்றால் 480. சாப்பாடு ஒரு நாளைக்கு ஆளுக்கு 40 என்றால் மூன்று நாளுக்கு 480. படகில் ஸ்நோர்கலிங் சுற்று ஆளுக்கு 60 என்றால் 240. மொத்தம் 1,600. மலிவாகத் தெரிந்தது 200 ரிங்கிட் கூடுதல்.

அதே குடும்பம் ஸ்நோர்கலிங் சுற்றை விட்டுவிட்டுக் கரையோரத்திலேயே நீந்தினால் 1,360 ஆகிவிடும். ஆக, எது மலிவு என்பது உங்கள் வீட்டில் யார் யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. முன்பணம் கட்டும் முன் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தனி விலை உண்டா என்றும் கேளுங்கள். மலேசியர்களுக்குக் கடல் பூங்காக் கட்டணம் குறைவு. மைகார்டு, மைகிட் கொண்டுபோக மறக்காதீர்கள்.

படகு நேரம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

மெர்சிங் படகுத்துறை ஆற்றுமுகத்தில் இருக்கிறது. நீர் வற்றும்போது ஆழம் போதாது. பெரிய படகுகள் வெளியேற முடியாது. அதனால் ஃபெர்ரி நேரம் கடலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே அமைகிறது. இந்த வாரம் காலையில் இருந்த படகு அடுத்த வாரம் பிற்பகலில் இருக்கலாம்.

ஆகவே, முதலில் படகு நேரத்தைக் கேளுங்கள். பிறகு விடுப்பு போடுங்கள். அதற்குப் பிறகே அறை எடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, படகைத் தவறவிட்டு, மெர்சிங்கில் ஓர் இரவு தங்கிக் காசு செலவழிக்கிறார்கள்.

அதிகாலைப் படகைப் பிடிக்க நள்ளிரவில் காரை எடுப்பதும் நல்லதல்ல. கோத்தா திங்கி–மெர்சிங் சாலையில் காட்டு யானைகள் கடப்பதுண்டு. வழியில் எச்சரிக்கைப் பலகைகளைப் பார்க்கலாம். இருட்டில் யானை நிற்பது கிட்டே போகும் வரை தெரியாது. விடிந்த பிறகு புறப்பட்டாலும் எட்டக்கூடிய படகாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

எதில் சிக்கனம் பார்க்கக்கூடாது?

2007 அக்டோபர் 13 அன்று மெர்சிங்கிலிருந்து தியோமான் சென்ற ஃபெர்ரி ஒன்று கடலில் தீப்பிடித்தது. பயணிகள் தண்ணீரில் குதித்தார்கள், சிலர் உயிரிழந்தார்கள். 2022 ஏப்ரலில் மெர்சிங் அருகே தோக்கோங் சாங்கோல் பகுதியில் முக்குளித்த நால்வர் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள். மூவர் மீட்கப்பட்டனர், 14 வயதுச் சிறுவன் திரும்பவில்லை. அது மழைக்காலம்கூட அல்ல.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. படகில் ஏறியதும் லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது, பிள்ளைக்கு ஏற்ற அளவு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள். நீச்சல் தெரிந்தவரும் ஸ்நோர்கலிங்கின்போது அதைப் போட்டுக்கொள்ளட்டும். அளவுக்கு மீறி ஆள் ஏற்றும் படகை விட்டுவிடுங்கள்.

முன்பணம் கட்டும்போதும் நிதானம் வேண்டும். சுற்றுலா நிறுவனத்துக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு, அமைச்சின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். "இன்னிக்கே கட்டினாதான் இந்த விலை" என்று அவசரப்படுத்தித் தனிநபர் கணக்கு எண்ணைக் கொடுத்தால், அதைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பாருங்கள். ஏமாந்துவிட்டது தெரிந்தால் உடனே 997க்கு அழையுங்கள். அது தேசிய மோசடி மறுமொழி மையத்தின் எண். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினமாகும்.

கிளம்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

• முந்தைய நாள் இரவும் புறப்படும் காலையும் வானிலை ஆய்வுத் துறையின் 'மைசுவாச்சா' செயலியில் கடல் எச்சரிக்கை.
• திரும்பும் படகின் நேரம். பிற்பகலுக்குப் பிறகு வேறு படகு உண்டா என்பதும்.
• ரொக்கம். தியோமானில் தெக்கேக்கைத் தவிர மற்ற கிராமங்களில் பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்பிப் போகாதீர்கள்.
• மருந்து. வாந்தி, காய்ச்சல், நீரிழிவு, ரத்த அழுத்தம் எதுவானாலும் கூடுதலாக இரண்டு நாளுக்குச் சேர்த்து எடுங்கள்.
• சாப்பாடு. செப்டம்பரில் கூட்டம் குறைவு, கடலும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த மாத நடுவில் புரட்டாசி பிறந்துவிடும். விடுதிகளில் பெரும்பாலும் மீனும் கோழியும்தான். சைவம் என்றால் அறை எடுக்கும்போதே சொல்லுங்கள். மீகூன், ரொட்டி, ஊறுகாய், பழம் கையில் இருக்கட்டும்.
• கடல் பூங்கா விதி. தீவைச் சுற்றி 2 கடல் மைல் வரை மீன் பிடிக்கவோ பவளம், சிப்பி எடுக்கவோ கூடாது. பிள்ளைகள் ஆசையாகப் பொறுக்கியதைக் கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.
• கையிருப்பு. ஓர் இரவு கூடுதலாகத் தங்க நேர்ந்தால் சமாளிக்கும் அளவுக்குப் பணத்தைத் தனியாக வையுங்கள். செலவாகாவிட்டால் அடுத்த பயணத்துக்கு உதவும்.

அந்த வாட்ஸ்ஆப் கேள்விக்கு வருவோம். "டிசம்பர் வேணாம்பா. ஜூன்லயோ ஜூலையிலயோ போலாம், படகு நேரத்தை மொதல்ல கேளு" என்று பதில் போடுங்கள். அறைக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டியிருக்கலாம். ஆனால் குறித்த நாளில் போய், குறித்த நாளில் வீடு திரும்புவீர்கள். பிள்ளைகளும் படத்தில் பார்த்த அதே நீலக் கடலைப் பார்த்துவிட்டு வருவார்கள்.