வம்சக் கவலையும் வாடகைக் கவலையும்

திகில் கதை எழுத வருகிறவரிடம் எல்லோரும் கேட்பது, யாரையெல்லாம் படித்தீர்கள் என்பதுதான். எச். பி. லவ்கிராஃப்ட், ஸ்டீபன் கிங் இருவருடைய தொடக்க காலத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்தக் கேள்வி பாதிக் கிணறுதான் தாண்டுகிறது.

இருவருமே அப்பா இல்லாமல் வளர்ந்தவர்கள். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 1890-ல் பிறந்த லவ்கிராஃப்டின் தந்தை, பிள்ளைக்கு மூன்று வயது நிறைவதற்குள் மனநல மருத்துவமனைக்குப் போனார். 1898-ல் அங்கேயே இறந்தார். மெய்ன் மாநிலத்தில் 1947-ல் பிறந்த கிங்குக்கு இரண்டு வயதானபோது, சிகரெட் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போன அப்பா திரும்பவே இல்லை.

லவ்கிராஃப்டுக்குப் பேய்க்கதை சொன்னவர் தாத்தா. எட்டு வயதில் எட்கர் ஆலன் போ கைக்குக் கிடைத்தார். கிங்குக்குக் கிடைத்தது, உறவினர் வீட்டுப் பரணில் அப்பா விட்டுப்போன ஒரு பெட்டி. அதிலிருந்த மலிவுப் பதிப்புகளில் ஒன்று லவ்கிராஃப்டின் கதைத் தொகுப்பு. ஓடிப்போன அப்பன் பிள்ளைக்கு வைத்துப்போன சொத்து என்றே சொல்லலாம்.

படிப்பு இப்படி ஒரே வழியில் வந்தாலும் பயம் வேறு வேறு. 1904-ல் தாத்தா இறந்ததும் லவ்கிராஃப்ட் குடும்பம் வீட்டை இழந்தது. தாயும், தந்தை இறந்த அதே மருத்துவமனையில் 1921-ல் இறந்தார். தன் ரத்தத்திலேயே ஏதோ கெட்டிருக்கிறது என்ற அச்சம் அவர் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ‘இன்ஸ்மவுத்’ கதையின் நாயகன், தான் யாரைக் கண்டு ஓடினானோ அவர்கள் வம்சத்தில் வந்தவனே தான் என்று கண்டுகொள்கிறான். புரூக்ளினில் வாழ்ந்தபோது குடியேறிகளைக் கண்டு அவர் முகம் சுளித்ததும் இதே கவலையால்தான். அந்த இனவெறியை ஒதுக்கிவைத்துவிட்டு அவரை ரசிப்பது அரைகுறை வாசிப்பு. நிலையான உத்தியோகம் எதிலும் அவர் இருந்ததில்லை. பிறர் எழுத்தைத் திருத்திக் கொடுத்துக் காலம் தள்ளினார்.

கிங்கோ, பட்டம் வாங்கிய பிறகு மணிக்கு 1.60 டாலருக்கு லாண்டரியில் வேலை பார்த்தார். கடலோர ஓட்டல்களிலிருந்து வரும் மேசை விரிப்புகளில் சிங்கி இறால் நாற்றம். பிரித்தால் கை மேல் புழு ஏறும். அந்த அனுபவத்திலிருந்து, துணியைத் தேய்த்து மடிக்கும் ராட்சத இயந்திரத்தில் பேய் புகும் ‘தி மேங்லர்’ கதை 1972-ல் வந்தது. பிறகு பள்ளி ஆசிரியர் வேலை, டிரெய்லர் வீடு, மனைவியின் டைப்ரைட்டர். ‘கேரி’ நாவலின் முதல் பக்கங்களைக் குப்பையில் போட்டார்; மனைவி டபிதா எடுத்துப் படித்து, எழுதி முடிக்கச் சொன்னார். பதிப்பகம் ஏற்றுக்கொண்ட செய்தி தந்தியில்தான் வந்தது; செலவைக் குறைக்க வீட்டுத் தொலைபேசியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

லவ்கிராஃப்டின் மனிதர்கள் அதிகம் பேசுவதில்லை. கிங்கின் மனிதர்கள் பில் கட்டுவது பற்றிப் பேசிக்கொண்டே பேயிடம் மாட்டுகிறார்கள். இதை அவர் எழுத்தாளர் ரிச்சர்ட் மாதெசனிடமும் லாண்டரியிடமும் கற்றார்.

‘கேரி’ 1974-ல் வெளியானது. அதன் பேப்பர்பேக் உரிமை மட்டும் 4,00,000 டாலருக்குப் போனது. 1937-ல் இறந்த லவ்கிராஃப்ட், தன் கதை புத்தகமாக வந்து பார்த்தது ஒரே முறை, அதுவும் அச்சுப்பிழை மலிந்த பதிப்பாக. இருவரில் பெரிய கற்பனை லவ்கிராஃப்டுடையதுதான். ஆனாலும் என் தூக்கத்தைக் கெடுப்பது கிங்கின் லாண்டரி இயந்திரம்.