மடலாடற் குழுவும் வழுப் பதிவேடும்: திறமூல மென்பொருள் வரலாற்றில் ஒரு தேர்வு

திறமூல மென்பொருள்களை எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. அத்தகைய மென்பொருளில் பிழை ஒன்று தென்பட்டால் அதை யாரிடம், எந்த வழியில் சொல்வது? இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் வழக்கில் உள்ளன. ஒன்று மடலாடற் குழு. ஒரு பொது முகவரிக்கு அனுப்பும் மின்னஞ்சல் அக்குழுவில் உள்ள அனைவருக்கும் போய்ச் சேரும். விரும்பியவர் பதில் எழுதுவார். மற்றொன்று 'இஷ்யூ டிராக்கர்' எனப்படும் வழுப் பதிவேடு. அதில் ஒவ்வொரு வழுவுக்கும் ஓர் எண் உண்டு. அது தீர்ந்ததா இல்லையா, யார் பொறுப்பு என்ற குறிப்பும் உண்டு. கணினி நிரலில் உள்ள பிழையை 'வழு' என்று சொல்வது தமிழில் நிலைத்துவிட்டதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே பயன்படுகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் வசதி பற்றிய தேர்வு. வரலாற்றைப் பார்த்தால், ஒரு வழுவை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் யார் என்பதே இதன் உள்ளே இருக்கும் கேள்வி என்பது புலப்படும்.

மடல்களில் வளர்ந்த லினக்ஸ்

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவந்த இயங்குதளம் பற்றி 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் பயனர்களின் செய்திக் குழுவில் முதன்முதலாக அறிவித்தார். பிறகு லினக்ஸ் கருவின் வளர்ச்சி முழுவதும் மடல்கள் வழியாகவே நடந்தது. திருத்தம் செய்தவர் அதை 'பேட்ச்' ஆக்கி மடலில் அனுப்புவார். பிடித்திருந்தால் லினஸ் சேர்த்துக்கொள்வார். சேர்க்காவிட்டால் பெரும்பாலும் பதிலே வராது. மறுக்கப்பட்டதா, கண்ணில் படவில்லையா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. முக்கியமானதாக இருந்தால் அவரே மீண்டும் அனுப்புவார் என்பதுதான் அங்கிருந்த எழுதாத விதி. நினைவில் வைக்கும் சுமை அனுப்பியவர் தலையில் இருந்தது.

2002 ஜனவரியில் ராப் லேண்ட்லி என்பவர் இதை மாற்ற ஒரு யோசனை சொன்னார். தவறிப்போகும் சிறு திருத்தங்களைப் பொறுக்கிச் சேர்க்கவென்றே ஒருவரை நியமிக்கலாம் என்றார். அப்பதவிக்கு அவர் வைத்த பெயர் 'பேட்ச் பெங்குவின்'. லினஸ் அதை ஏற்கவில்லை. தாம் நம்பும் சிலர் வழியாக வேலை வருவதே சரி என்பது அவர் நிலை. அடுத்த மாதமே அவர் பிட்கீப்பர் என்ற கருவிக்கு மாறினார். 2005 ஏப்ரலில் அதைக் கைவிட நேர்ந்தபோது அவரே எழுதியதுதான் இன்று உலகமெங்கும் பயன்படும் கிட். ஆனால் இக்கருவிகள் நிரலில் நடந்த மாற்றத்தை நினைவில் வைப்பவை. இன்னும் திருத்தப்படாத வழுவுக்கு அவற்றில் இடமில்லை.

டெபியன் கண்ட வழி

1993 ஆகஸ்டில் இயான் முர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம் வேறு பாதையில் சென்றது. அதன் வழுப் பதிவேட்டை 1994இல் இயான் ஜாக்சன் உருவாக்கினார். என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே மிகவும் கவனிக்கத்தக்க கருவி இதுதான். ஏனெனில் இது மடலை ஒதுக்கவில்லை. மடலுக்குள்ளேயே பதிவேட்டை வைத்தது.

அது இயங்கும் விதம் எளிது. பயனர் ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு மடல் எழுதுகிறார். முதல் வரிகளில் எந்தப் பொதி, எந்தப் பதிப்பு என்று குறிப்பிடுகிறார். உடனே வழுவுக்கு ஓர் எண் கிடைக்கிறது. அந்தப் பொதியைப் பராமரிப்பவருக்கு மடலின் படி போகிறது. அதன் பிறகு அந்த எண்ணே ஒரு மின்னஞ்சல் முகவரியாகிவிடும். அதற்கு யார் எழுதினாலும் அந்த வழுவின் வரலாற்றில் சேரும். வழு தீர்ந்ததும் பராமரிப்பவர், எண்ணோடு 'டன்' என்ற சொல் சேர்ந்த முகவரிக்கு, எப்படித் தீர்த்தார் என்று எழுதுவார். அந்த விளக்கம் முதலில் புகார் செய்தவருக்கே போய்ச் சேரும். எழுதிப் போட்ட கடிதத்துக்குப் பதில் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அஞ்சலட்டைக் காலத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

அன்றைய சூழலையும் நினைவில் கொள்ள வேண்டும். அப்போது பலரிடம் இருந்தது தொலைபேசி வழி இணைப்புதான். இணைந்து, மடல்களை இறக்கி, இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஆற அமரப் படிப்பார்கள். மடலால் மட்டுமே இயங்கும் பதிவேடு அவர்களுக்குப் பொருந்தியது. டெபியனின் வலைப்பக்கத்தில் இன்றும் வழுக்களைப் பார்க்கத்தான் முடியும். மாற்றங்களை மடலில்தான் செய்ய வேண்டும்.

வழுக்களைக் கடுமை வாரியாகத் தரம் பிரித்ததும் டெபியனில் பெரும் விளைவை உண்டாக்கியது. மிகக் கடுமையான மூன்று தரங்களில் உள்ள வழு தீராவிட்டால் அந்தப் பொதி அடுத்த நிலையான வெளியீட்டிலிருந்து நீக்கப்படலாம். ஆகவே பதிவேட்டை யாரும் அலட்சியம் செய்ய முடியாது. 2021இல் இதன் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது.

நெட்ஸ்கேப்பும் பக்சில்லாவும்

1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை மோசில்லா என்ற பெயரில் வெளியிட்டது. நிறுவனத்துக்குள் இருந்த பழைய வழுப் பதிவேட்டுக்கு மாற்றாக டெர்ரி வைஸ்மன் பக்சில்லாவை எழுதினார். முதலில் டிக்கிள் மொழியில் எழுதப்பட்டுப் பின்னர் பெர்ல் மொழிக்கு மாறியது. வலைப்பக்கத்தில் படிவம் நிரப்பும் முறை இதனால் பரவியது. க்னோம், கேடிஇ போன்ற திட்டங்களும் இதை ஏற்றன.

ஆனால் படிவம் என்பது ஒரு வாசற்படி. கணக்கு தொடங்க வேண்டும். எந்தப் பிரிவு, எந்தக் கூறு என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரே வழுவைப் பலர் பதிவதால் 'இது முன்பே பதிவானது' என்று குறிப்பதே தனி வேலையாயிற்று. தீராத வழுக்கள் ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடந்தன. நான் பணியில் இருந்தபோது மாணவர்கள் ஐயங்களை எழுதிவைக்க வகுப்பில் ஒரு நோட்டு வைத்தேன். இரண்டே மாதத்தில் நிரம்பியது; நான் உட்கார்ந்து படிக்காத வாரங்களில் அது மேசை மேல் இருந்த ஒரு தாள் கட்டு, அவ்வளவுதான்.

கையால் எழுதிய பட்டியல்

லினக்ஸ் கருவுக்கும் 2002 நவம்பரில் ஒரு பக்சில்லா திறக்கப்பட்டது. ஆனால் கருவின் பல பகுதிகளைப் பராமரிப்பவர்கள் அதை எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் அன்றாடம் வாழ்ந்தது மடலில். அங்கேதான் பேச்சு நடந்தது. நிரலின் வரிகளுக்கு இடையிலேயே கருத்து எழுத முடிந்தது. பதிவேட்டில் வழு எழுதிய பயனரோ, தம் புகாரைப் பார்க்க வேண்டியவர் அங்கே இல்லை என்பதை அறியாமல் காத்திருந்தார். பதிவேடு இல்லாததைவிட இது மோசம் என்பேன். இல்லை என்றால் வேறு கதவைத் தட்டியிருப்பார் அல்லவா?

இந்த இடைவெளியைத் தனி மனிதர்கள் நிரப்பினார்கள். முன்பு சரியாக இயங்கி, புதிய பதிப்பில் கெட்டுப்போனவற்றைப் 'பின்னடைவு' என்பர். மடல்களைப் படித்துப் படித்து இத்தகைய பின்னடைவுகளைப் பட்டியலிட்டு, மீண்டும் மடலாடற் குழுவுக்கே அனுப்பி வந்தார் ஏட்ரியன் பங்க். 2007 ஏப்ரலில் 2.6.21 பதிப்பு, அவர் பட்டியலில் இருந்த பல பின்னடைவுகள் தீராமலே வெளியானது. அதோடு அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். ரஃபேல் வைசோக்கி பின்னர் அதைத் தொடர்ந்தார். குழு மறந்ததை நினைவில் வைப்பது ஒரு தன்னார்வலரின் இரவு வேலையாக இருந்தது. அவர் சலித்துப்போனால் அந்த நினைவும் போய்விடும்.

எல்லாரும் இப்படித் தவிக்கவில்லை. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத் திட்டத்தில் வழுவைப் படிவத்தில் எழுதினால் ஓர் எண்ணோடு அது மடலாடற் குழுவுக்கே போகிறது. உறுப்பினர்கள் குழுவை ஒழுங்காகப் படிப்பதால் அது போதுமானதாக இருக்கிறது. பைதான் திட்டமோ தன் பதிவேட்டை 2022 ஏப்ரலில் கிட்ஹப் தளத்துக்கு மாற்றியது. புதிதாக வருபவர்களுக்கு அத்தளம் முன்பே பழகியது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

லினக்ஸ் கரு இன்றும் மடலை விடவில்லை. வழுவை எப்படித் தெரிவிப்பது என்று அதன் ஆவணத்தை எழுதிய தோர்ஸ்டன் லீம்ஹுயிஸ், பெரும்பாலான பகுதிகளுக்கு மடலே சரியான வழி என்றும், பக்சில்லாவைப் பல பராமரிப்பாளர்கள் பார்ப்பதில்லை என்றும் அதில் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறார். 2021இல் அவர் 'ரெக்ஸ்பாட்' என்ற சிறு நிரலையும் இயக்கத் தொடங்கினார். மடலில் ஒரு தனிக் கட்டளை வரியைச் சேர்த்தால், அந்தப் பின்னடைவை அது பட்டியலில் ஏற்றிக்கொள்ளும். திருத்தம் கருவில் சேர்ந்ததும் தானே நீக்கிவிடும். ஏட்ரியன் பங்க் கையால் செய்த வேலையில் ஒரு பகுதியை இப்போது அது செய்கிறது. பதிலே வராத புகார்களைத் தேடி உரியவருக்கு நினைவூட்டும் பகுதி மட்டும் இன்னும் மனிதரிடமே இருக்கிறது.