தாய்ப்பாலும் தோட்டத் தாய்மாரும்

ஊவாவின் பெருந்தோட்டங்களில் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்தபின் கிட்டும் முதல் நோய்க் காப்பு தாய்ப்பாலே. பிரசவித்த முதல் சில நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் ‘இம்யூனோகுளோபியூலின் ஏ’ எனும் பிறபொருளெதிரி செறிந்துள்ளது. முன்னைய தலைமுறையினரில் சிலர் அதனைக் கெட்ட பால் எனக் கருதிப் பீய்ச்சி எறிந்தனர். அதனிலும் பெரிய விரயம் வேறில்லை.

தாய் உண்ணும் உணவுடனும் பருகும் நீருடனும் குடலுக்குள் செல்லும் கிருமிகளை இனங்கண்ட நிர்ப்பீடனக் கலங்கள், குருதி வழியே மார்பகத்தை அடைந்து, அக்கிருமிகளுக்கு எதிரானவற்றையே பாலில் சேர்க்கின்றன. பசறையிலோ ஹாலி-எலயிலோ லயமொன்றில் வாழும் தாயின் பால், அந்த லயத்தின் நீரையும் முற்றத்தையும் அறிந்த பாலாகும். எந்தப் பால்மா நிறுவனத்தாலும் இதனைப் பேணியில் அடைத்துத் தர முடியாது.

தாய்ப்பாலின் பணி கிருமிகளை எதிர்ப்பது மட்டுமன்று. அதிலுள்ள ‘உருமாற்ற வளர்ச்சிக் காரணி பீட்டா’, ‘இன்டர்லூக்கின் 10’ போன்றவை, குழந்தையின் நிர்ப்பீடனத் தொகுதி உணவையும் நன்மை தரும் பற்றீரியாக்களையும் பகையெனக் கருதி அழற்சி கொள்ளாதவாறு அதனை அடக்கிப் பழக்குகின்றன. ஒலிகோசக்கரைட்டுகள் எனும் வெல்லங்களோ குழந்தைக்குச் சமிபாடடையாதவை. குடலிலுள்ள பிபிடோபற்றீரியாக்களுக்கே அவை உணவு.

முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமென உலக சுகாதார சபை 2001இல் வலியுறுத்தியது. இரு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைத் திருக்குர்ஆனும் கூறுகின்றது. ஆனால் 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பெண்ணுக்கு வழங்குவது 12 வார விடுமுறையே. பிரசவத்திற்கு முந்திய இரு வாரங்களும் அதில் அடங்கும். மூன்றாவது குழந்தை முதல் அதுவும் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்த அநீதி 2018இல்தான் நீக்கப்பட்டது.

எனவே, குழந்தைக்கு இரண்டரை மாதமாகும்போது தாய் மலைக்குத் திரும்புகிறாள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டச் சட்டம் நாளுக்கு இரு இடைவேளைகளை அளிக்கின்றது. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லையேல் ஒரு மணித்தியாலம். கொழுந்து மலை தொலைவிலிருந்தால் அந்த 30 நிமிடம் ஏறி இறங்கவே சரியாகிவிடும். பாலைச் சுத்தமான பாத்திரத்தில் எடுத்து வைக்கலாம். சாதாரண அறை வெப்பநிலையில் சுமார் 4 மணித்தியாலம் கெடாது. ஆனால் அதனைக் கொதிக்க வைத்தால் பிறபொருளெதிரிகள் அழியும்.

பாலூட்டும் தாய்மாருக்குப் பிள்ளைக்காம்பராவை அண்டிய மலைகளிலேயே வேலை வழங்குவதும், பாலூட்டும் நேரத்துக்கேற்ப அன்றைய கொழுந்தின் நிறையைக் குறைத்துக் கேட்பதும் தோட்ட நிர்வாகங்களுக்கு இயலாத காரியங்களல்ல. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்களில் தொழிற்சங்கங்கள் இவ்விரண்டையும் எழுத்தில் கோர வேண்டும்.