கோடை விடுமுறையா, வேலையின்மையா? - ஒரு சட்ட வரலாறு

ஆசிரியர் வேலை என்றாலே விடுமுறையிலும் சம்பளம் வரும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் நிரந்தர ஆசிரியர்களில் பலர் பள்ளி நடக்கும் மாதங்களுக்கான சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து வாங்கிக் கொள்வதுண்டு. ஆனால் ஒரு செமஸ்டருக்கு மட்டும் அமர்த்தப்படும் தற்காலிக ஆசிரியரின் நிலை வேறு. பாடம் முடிந்ததும் சம்பளமும் முடிந்துவிடும். அடுத்த செமஸ்டரில் கூப்பிடுவார்களா என்பது அவருக்கே தெரியாது. அந்த இடைப்பட்ட மாதங்களில் அவர் விடுமுறையில் இருப்பவரா, வேலை இழந்தவரா? பார்க்கச் சிறிய கேள்விதான். ஆனால் வேலையின்மை உதவித்தொகை கிடைக்குமா கிடைக்காதா என்பது இதில்தான் இருக்கிறது.

தொடக்கம்

1929ல் தொடங்கிய பெருமந்தம் 1933ல் உச்சத்தை அடைந்தபோது அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அதற்கு முன்பே, 1932 ஜனவரியில், விஸ்கான்சின் மாநிலம் நாட்டின் முதல் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. இதற்குப் பின்னால் இருந்தவர் பொருளாதாரப் பேராசிரியர் ஜான் ஆர். காமன்ஸ். ஆட்களை அடிக்கடி நீக்கும் முதலாளி அதிக வரி கட்ட வேண்டும், நீக்காதவர் குறைவாகக் கட்டலாம் என்பது அவருடைய எண்ணம். வாகனக் காப்பீட்டில் விபத்து செய்தவருக்குப் பிரீமியம் கூடுவதைப் போன்றதுதான் இது. அந்தச் சட்டப்படி முதல் காசோலை 1936 ஆகஸ்டில் வழங்கப்பட்டது. அதன் தொகை 15 டாலர்.

1935 ஆகஸ்ட் 14 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எட்டுப் பேருக்கு மேற்பட்டோ அல்லது எட்டுப் பேரையோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் மீது மத்திய அரசு ஒரு வரி போட்டது. மாநிலம் தானே ஒரு காப்பீட்டுத் திட்டம் வைத்திருந்தால் அந்த வரியில் 90 சதவீதம் வரை கழித்துக் கொள்ளலாம். எப்படியும் பணம் போகத்தான் போகிறது, அது நம் மாநிலத்திலேயே இருக்கட்டுமே என்று 1937க்குள் எல்லா மாநிலங்களும் சட்டம் இயற்றிவிட்டன.

ஆனால் விவசாயக் கூலிகள், வீட்டு வேலை செய்வோர், அரசு ஊழியர்கள் எல்லாம் இதில் விடுபட்டார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்களும் வெளியேதான் நின்றார்கள்.

கதவு திறந்தது, நிபந்தனையோடு

1970ல் வந்த திருத்தம் மாநிலக் கல்லூரிகளின் ஊழியர்களை உள்ளே கொண்டுவந்தது. 1976 அக்டோபரில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட திருத்தம் அரசுப் பள்ளிகளையும் சேர்த்தது. அது 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஒரு கணக்கியல் விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தனியார் நிறுவனங்கள் போல வரி கட்டாமல், ஊழியருக்குக் கொடுக்கப்பட்ட தொகையை அப்படியே திருப்பிச் செலுத்தும் வசதி அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் தரப்பட்டது. ஒரு ஆசிரியர் உதவித்தொகை வாங்கினால் அந்த முழுத் தொகையும் கல்லூரியின் செலவுக் கணக்கில் ஏறும். கோடை தோறும் எல்லா ஆசிரியர்களும் விண்ணப்பித்தால் பட்ஜெட் என்னாவது என்ற பயம் இயல்பாகவே வந்தது.

எனவே சட்டத்தில் ஒரு விதி வைக்கப்பட்டது. அடுத்த கல்வியாண்டிலோ பருவத்திலோ வேலை உண்டு என்ற ஒப்பந்தமோ "நியாயமான உறுதி"யோ இருந்தால், இடைப்பட்ட காலத்துக்கு அந்தப் பள்ளி ஊதியத்தின் அடிப்படையில் உதவித்தொகை கிடையாது. நிரந்தர ஆசிரியருக்கு இது சரிதான். அவர் வேலை இழக்கவில்லையே! ஆனால் தற்காலிக ஆசிரியருக்கு வரும் கடிதம் எப்படி இருக்கும்? "மாணவர்கள் சேர்ந்தால், நிதி வந்தால், உங்களுக்கு வகுப்பு தரப்படும்." இது உறுதியா?

1989ல் வந்த விடை

சான் பிரான்சிஸ்கோ சமுதாயக் கல்லூரிகளின் பகுதிநேர ஆசிரியர்கள் சிலர் இந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார்கள். செர்விசி வழக்கு என்று அது அழைக்கப்படுகிறது. 1989ல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆசிரியர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மாணவர் சேர்க்கையையும் நிதியையும் பொறுத்து மாறக்கூடிய வாக்குறுதி நியாயமான உறுதி ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஆனால் இது ஒரு மாநிலத்தின் தீர்ப்புதான். அதே மாதிரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு வேறு மாநிலத்தில் விண்ணப்பித்தவர் மறுக்கப்படலாம். 2016 டிசம்பரில்தான் மத்திய தொழிலாளர் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு விரிவான வழிகாட்டுதல் அனுப்பியது. வேலை தருவதாகச் சொல்பவருக்கு அந்த அதிகாரம் இருக்க வேண்டும், அதே வகை வேலையாக இருக்க வேண்டும், வருமானம் முன்பு வாங்கியதில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, வேலை கிடைப்பது மிகவும் சாத்தியமாக இருக்க வேண்டும் என்று அது கூறியது.

இருந்தாலும் பணம் தானாக வந்துவிடாது. ஆசிரியர் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியிடம் விளக்கம் கேட்கப்படும். "உறுதி கொடுத்திருக்கிறோம்" என்று கல்லூரி சொன்னால் விண்ணப்பம் மறுக்கப்படலாம். பிறகு மேல்முறையீடு, விசாரணை. அங்கே முக்கியமான ஆதாரம் அந்தக் கடிதமும், கடந்த ஆண்டுகளில் சொன்ன வகுப்புகள் எத்தனை முறை ரத்தாயின என்ற விவரமும்தான். கடிதத்தைப் பத்திரமாக வைத்தவர் பிழைத்துக் கொள்வார்.

2023ல் மினசோட்டா மாநிலம் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள், சமையலறை ஊழியர்கள் போன்ற மணிக்கணக்கு ஊதியக்காரர்களுக்குக் கோடையிலும் உதவித்தொகை கிடைக்க வழி செய்தது. ஆசிரியர்கள் அதில் இல்லை. 1935ல் வெளியே நின்றவர்கள் 1978ல் உள்ளே வந்தார்கள். ஆனால் அவர்களில் தற்காலிகமானவர்கள் மட்டும், ஒவ்வொரு கோடையிலும் தங்களுக்கு வேலை இல்லை என்பதைத் தாங்களே நிரூபிக்க வேண்டியிருக்கிறது.