நாய்க்கடியும் நமது மடமையும்

நாய் நன்றியுள்ள பிராணி என்று சிறு பிராயம் முதல் படித்து வருகிறோம். அது உண்மையே. ஆயினும், அதன் பல்லின் வழியே பரவும் வெறிநோய்க்கு உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இரையாகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மரணங்கள் இந்தியாவில் நிகழ்கின்றன. மருந்தில்லா வியாதியால் மாண்டால் விதி என்று சொல்லி ஆறுதல் கொள்ளலாம். மருந்து கண்டு 140 ஆண்டுகளான வியாதியால் மாள்வதற்கு யாரை நோவது?

1885 ஜூலை 6-ஆம் தேதி, வெறிநாயால் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்குப் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் தமது புது மருந்தைச் செலுத்தச் செய்தார். சிறுவன் பிழைத்தான். இந்தியாவில் 1900-இல் இமயமலைச் சாரலிலுள்ள காசௌலியில் இச்சிகிச்சைக்கு ஒரு நிலையம் ஏற்பட்டது. தென்னாட்டில் கடியுண்டவர் நாடு முழுதும் கடந்து அங்கே போய்ச் சேர வேண்டும். ஏழைக்கு அது இயலுமா? 1907-இல் நீலகிரிக் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்ட பிறகே தமிழ்நாட்டாருக்கு வழி பிறந்தது.

1911-இல் டேவிட் செம்பிள் விலங்கின் மூளையிலிருந்து ஒரு மருந்தை ஆக்கினார். அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் வயிற்றில் நாள்தோறும் பத்துப் பதினான்கு ஊசி போடவேண்டுமென்ற பயம், நமது ஜனங்களை மந்திரவாதியின் வாசலுக்குத் துரத்தியது. அம்மருந்து இந்தியாவில் 2004-இல் கைவிடப்பட்டது. இன்று புயத்தில் நாலைந்து ஊசிகளே; பயத்துக்கு இடமில்லை.

நிற்க, நமது நாட்டுக்கு வருவோம். 1952-இல் கோலாலம்பூரில் வெறிநோய் பரவவே, நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது சட்டபூர்வமாகத் தொடங்கியது. சயாம் எல்லையோரம் ஒரு காப்பு வட்டாரமும் அமைக்கப்பட்டது. பின்னர் மலேசியா நோயற்ற நாடென அறிவிக்கப்பட்டது. ஆனால் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் அது மீண்டும் தலைகாட்டியது. பாகான் செராயில் இருக்கும் நமக்குப் பினாங்கு தூரதேசமா? பாரிட் புந்தாரைத் தாண்டினால் பினாங்கு மண். 2017 முதல் சரவாக்கில் 50-க்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்துள்ளனர்.

யான் கணக்கெழுதும் தோட்டத்தில் ஒரு சிறுமியை நாய் கடித்தது. பெற்றோர் புண்ணில் மிளகாய்த்தூளை அப்பி, வேர் கட்டுபவரைத் தேடிப் புறப்பட்டனர். தடுத்தபோது, "பாட்டன் காலம் முதல் இப்படித்தான் செய்கிறோம், கிராணி ஐயா, ஒருவரும் சாகவில்லையே" என்றார் தகப்பனார். யான் சற்றுத் திகைத்தேன். பிறகு விளங்கியது. கடிக்கும் நாயெல்லாம் வெறிநாய் அன்று. வெறிநாய் கடித்தோருக்கெல்லாம் நோய் பற்றுவதுமில்லை. நோயே பற்றாதவன் பிழைத்தால் அந்தப் புகழ் வேருக்கு. நோய் பற்றியவன் இறந்தால் அந்தப் பழி விதிக்கு! இவ்விதக் கணக்கை யான் பேரேட்டில் எழுதினால் வேலையில் ஒரு நாள் நிற்க முடியுமா? இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். அன்று மாலையே சிறுமிக்கு ஊசி போடப்பட்டது.

இந்நோயின் கிருமி நரம்பு வழியே மெல்ல மூளையை நோக்கி ஊர்கிறது. அதற்குப் பெரும்பாலும் வாரங்கள், சிலபோது மாதங்கள் ஆகும். அந்த அவகாசமே நமது உயிர். தண்ணீரைக் கண்டு நடுங்கும் குறி தோன்றிவிட்டாலோ, எந்த வைத்தியராலும் அநேகமாகக் காக்க முடியாது.

ஆகையால் கடிபட்டவுடன் புண்ணைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவுக. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு யாதொன்றும் இடற்க. அன்றே மருத்துவமனைக்குச் செல்க. வளர்க்கும் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுவிக்க. இதற்கு நாளும் நட்சத்திரமும் பார்க்க வேண்டுவதில்லை. நாய் அவற்றைப் பார்த்துக் கடிப்பதில்லை.